கொத்துக்கு ஒரே ஒரு தரம்

நோபுயோவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. தக்காளியைக் குறுக்கே நறுக்கினால், ஒரு பாதியைத் திருப்பி உள்ளே பார்க்காமல் தட்டில் வைக்கமாட்டாள். அறை அறையாக விதை இருக்கிறதா, கூழ் பிடித்திருக்கிறதா, இல்லை வெறும் பொந்தா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவாள். மகள் யுகாரிக்கே அறுபதாகிறது. யாட்சுஷிரோவின் கடலோர நிலத்தில் பிளாஸ்டிக் போர்த்திய ஆறு குடில் தக்காளி இன்றைக்கு யுகாரியின் பொறுப்பு. குடிலுக்கு ஒரு பெட்டி வண்டு வாங்கி வைத்துவிடுகிறாள். அவை பூப்பூவாகப் போய் மகரந்தம் சேர்க்கும் வேலையை முடித்துவிடுகின்றன. "வண்டு செஞ்ச வேலைக்கு நீ எதுக்கும்மா பரீட்சை வைக்கற?" என்று அம்மாவைச் சீண்டுவாள். நோபுயோவுக்கு வண்டுகள் மேல் கோபதாபம் ஒன்றும் கிடையாது. நல்லவேளை, எங்களைப் போலக் குனிந்து குனிந்து மருந்து தெளிக்காமல் உங்களுக்காவது முதுகு மிஞ்சியது என்றுதான் சொல்வாள். உயிரோடு இருந்தவரை அவள் புருஷன் தொகுஜியும் இப்படித்தான் நறுக்கிய பாதியைத் திருப்பிப் பார்த்தான். அவன் போய் ஆறு வருடமாகிறது. இப்போது அவள் ஒருத்தியாகப் பார்க்கிறாள்.

நோபுயோ மலைக்காரி. இருபத்தொரு வயதில் கல்யாணமாகிக் கீழே வந்தபோது, இப்படியும் ஒரு தட்டையான ஊர் இருக்குமா என்று மிரண்டே போனாள். எங்கள் ஊர் நிலம் கடலைத் தள்ளிவிட்டு எடுத்த நிலம். கொஞ்சம் அசந்தால் உப்பு மேலே வந்துவிடும். கோடையில் நெல், குளிரில் பாய்க்கோரை, அவ்வளவுதான் அன்றைய விவசாயம். நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும், கையும் காலும் மரத்துப்போகும் தண்ணீரில் இறங்கிக் கோரை நடுவார்கள். நட்டு முடித்து, புத்தாண்டும் கழிந்ததும் ஆண்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒசாகாவுக்கு ரயிலேறிவிடுவார்கள். அங்கே உலகக் கண்காட்சி நடக்கப் போகிறது என்று ஊரையே இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலம். கான்கிரீட் சுமக்க எத்தனை தோள் போனாலும் போதவில்லை. ஏப்ரலில்தான் திரும்புவார்கள். அதுவரை எங்கள் ஊரில் பெண்களும் கிழவர்களும் நாய்களும்தான்.

தொகுஜியும் அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தான். அகன்ற தோள், அளந்த பேச்சு, சிரித்தால் மூக்கால் ஒரு காற்று வரும், அவ்வளவுதான். அப்பா அம்மா இருவரும் முன்னமே போய்விட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் குழந்தையும் மட்டும். ஊரில் இருக்கும் மாதங்களிலும் அவனைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். இருட்டோடு வயலுக்குப் போவான், இருட்டிய பிறகு வருவான்.

1969 ஏப்ரலில் அவன் திரும்பிவந்தபோது யுகாரிக்கு நாலு வயது. ஒசாகாவிலிருந்து ஒரு பொம்மை வாங்கிவந்திருந்தான். கண்ணை மூடித் திறக்கும் பொம்மை. குழந்தை பொம்மையை வாங்கிக்கொண்டது, நன்றி சொன்னது, குனிந்து வணங்கியது. வளர்ப்பு நன்றாகத்தான் இருந்தது. பிறகு அம்மாவிடம் போய், அவன் காதில் விழும்படியே கேட்டது: "அம்மா, இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாரு?"

தொகுஜி மூக்கால் சிரித்தான். கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்பக்கம் போனான். உலையில் வைத்த சோறு வெந்து இறங்கும்வரை அவன் கால் கழுவிக்கொண்டே இருந்தான். நோபுயோ சிரிக்கவில்லை. அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, அடுத்த குளிருக்கு இந்த மனுஷனை ரயிலேற விடக்கூடாது என்று முடிவுசெய்தாள்.

சொல்லிவிடலாம், செய்வது எப்படி? மலைக்காரிகளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. பக்கத்து வீட்டு ஹத்சுயே முந்தின வருடமே மூங்கிலை வளைத்து, மேலே பிளாஸ்டிக் போர்த்தி, குளிர்காலத் தக்காளி போட்டிருந்தாள். அவள் புருஷன் அந்தக் குளிரில் எங்கும் போகவில்லை. நோபுயோ அதைக் கண்ணால் பார்த்தவள். கோடை முழுக்கத் தொகுஜியின் காதில் அதையே ஓதினாள். "இந்த வருஷம் நீங்க போகக்கூடாது" என்றாள். போகவில்லை என்றால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அவன் கேட்டான். தக்காளி என்றாள். அவன் ஒரு வாரம் யோசித்தான், பிறகு போய் மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தான்.

எண்ணூறு செடி நட்டார்கள். ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாய்வார்த்தையாக. செடியின் முதல் பூங்கொத்து எப்போதும் சின்னது, அதை நம்பமுடியாது. மூன்றாம் கொத்து மார்ச்சில்தான் பழுக்கும். இரண்டாம் கொத்துதான் ஜனவரி பிப்ரவரிச் சோறு. அது ஒழுங்காகக் காய்த்தால் தொகுஜி வீட்டில். காய்க்காவிட்டால், புத்தாண்டு முடிந்து ஆள்சேர்க்க வருகிறவனிடம் பெயரைக் கொடுத்துவிட்டு எட்டாம் தேதி ரயிலில் ஒசாகா.

பூ பூப்பதில் ஒரு குறையும் இல்லை. பூத்தது எல்லாம் உதிர்வதுதான் தக்காளியின் குளிர்காலக் குணம். ஊர்ப் பொதுக்கூடத்தில் பெண்களை உட்காரவைத்து வேளாண் அலுவலர் தனோவே இதை விளக்கினார். ஒல்லியான மனிதர், இருமிக்கொண்டே பேசுவார். மகரந்தம் உள்ளே போய்ச் சேர்ந்தால் விதை பிடிக்கும், பிடித்த விதை ஒரு ஹார்மோனைச் சுரக்கும், அதுதான் காயைப் பார்த்துப் பெருத்துக்கொள் என்று சொல்லும் என்றார். குளிரில் மகரந்தம் செத்துப்போகிறது, குடிலுக்குள் தேனீயும் வருவதில்லை. சொல்ல ஆள் இல்லாததால், காம்பு முடிச்சில் கழன்று பூ விழுந்துவிடுகிறது. ஆகவே விதை சொல்லவேண்டியதை நாம் வெளியிலிருந்து மருந்தாகத் தெளித்துச் சொல்கிறோம். அதைக் கேட்டதும் பூ தனக்குள்ளேயே இன்னொரு ஹார்மோனையும் ஊறவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து காயைப் பெருக்கவைக்கும். உள்ளே விதை மட்டும் இருக்காது.

"அப்போ பூவை ஏமாத்தறோம்னு சொல்லுங்க சார்" என்றாள் ஹத்சுயே. பெண்கள் சிரித்தார்கள்.

"எப்படி வேணா வெச்சுக்கங்க" என்றார் தனோவே. "ஆனா கொத்துக்கு ஒரே ஒரு தரம். மூணு பூ விரிஞ்சதும் ஒரு தரம் தெளிச்சா அது கேட்டுக்கும். ரெண்டாந்தரம் தெளிச்சா காய்க்குக் கிறுக்குப் பிடிச்சிடும்."

எந்தக் கொத்துக்குத் தெளித்தோம், எதற்குத் தெளிக்கவில்லை என்று எண்ணூறு செடியில் எப்படி நினைவு வைப்பது? அதற்குத்தான் சிவப்புப் பொடி. மருந்துத் தண்ணீரில் சமையலுக்குப் போடும் சிவப்புப் பொடியைக் கொஞ்சம் கலந்துவிட வேண்டும். மஞ்சள் பூவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் முடிந்த கொத்து. தெரியாவிட்டால் முடியாத கொத்து. குளிர்ந்த நாளில் மருந்து கொஞ்சம் காரமாக, வெயில் ஏறின நாளில் இளசாகக் கலக்க வேண்டும். மருந்து குருத்தில் பட்டால் இலை நூல்நூலாகிவிடும். அதனால் இடது உள்ளங்கையைக் கொத்துக்குப் பின்னால் மறைப்பாக வைத்துக்கொண்டு தெளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் நோபுயோவின் உள்ளங்கை சிவந்துவிட்டது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. ஹத்சுயே விடுவாளா? "புருஷன் ஊர்ல தங்கப் போறான்னதும் இவளுக்குக் கையெல்லாம் வெக்கம் வந்திடுச்சு பாருங்கடி" என்று குளியல்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாள். நோபுயோ அவள் மேல் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள்.

அந்த அக்டோபரும் நவம்பரும்தான் தன் ஆயுளிலேயே நல்ல மாதங்கள் என்பாள் நோபுயோ. வெளியே வாடைக்காற்று பிய்த்துக்கொண்டு போகும், குடிலுக்குள் சட்டையைக் கழற்றிப்போடும் அளவு வெதுவெதுப்பு. தொகுஜி செடிகளை வைக்கோல் பிரியால் கம்போடு கட்டிக்கொண்டு போவான். யுகாரி பின்னால் நின்று பிரியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். மத்தியானம் மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து சோற்றுருண்டை தின்பார்கள். ஒருநாள் குழந்தை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், "அப்பா, உன் காலுக்கடியில ஒண்ணு கெடக்கு பாரு" என்றது.  தொகுஜி கீழே கிடந்த பிரியை எடுத்து, கட்டி முடித்த செடியையே இன்னொரு தரம் கட்டினான். நோபுயோ இரண்டு வரிசை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 

கோளாறு நவம்பர் கடைசியில் வந்தது, திருவிழா ரூபத்தில். மியோகென் கோயில் திருவிழா என்றால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிவப்பும் வெள்ளையுமாக மோச்சி என்கிற அரிசிப் பலகாரம் இடிப்பார்கள், இஞ்சியைச் சிவப்பாக ஊறப்போடுவார்கள். ஏற்கெனவே குடில்காரிகள் வேறு பொடியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கடையில் ஒரு பொட்டலம் மிச்சமில்லை. சரக்கு வர நாலு நாள் ஆகும் என்றான் கடைக்காரன். நோபுயோவின் டப்பாவும் காலி. சரியாக அப்போதுதான் இரண்டாம் கொத்து பாதிக் குடிலில் விரிந்து நின்றது. பூ யாருக்காகவும் காத்திருக்காது. அவளுக்குத் தன் செடிகள் ஒவ்வொன்றும் முகம் தெரிந்த செடிகள். ஒரு வரிசையில் இங்கே நிறுத்தினேன், நாளை இங்கே தொடங்குவேன் என்று மனதில் வைத்துக்கொண்டு, பொடி இல்லாமலே மூன்று நாள் தெளித்து முடித்தாள். ஒரு கொத்துகூட அவள் கணக்கில் தப்பவில்லை. புருஷனிடம் சொல்லவில்லை. பொடி தீர்ந்ததை முன்கூட்டிப் பார்க்காமல் விட்டதில் அவளுக்கு வெட்கம்.

தொகுஜி கோரை நடவுக்குப் போகிற வழியில் அதிகாலையில் குடிலுக்குள் எட்டிப்பார்ப்பான். மூன்று பூ, நாலு பூ விரிந்த கொத்துகள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் சிவப்பு இல்லை. டப்பாவைத் திறந்தால் பொடியும் இல்லை. அவனுக்குப் புரிந்துவிட்டதாம். பொடி வரும்வரை நோபுயோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சம். சரி, நாமே அடித்துவிடுவோம், அவளுக்கு ஏன் சங்கடம் என்று மூன்று விடியற்காலை அவனே மருந்து கலந்து, அதே பாதிக் குடிலுக்குத் தெளித்தான். அவனும் சொல்லவில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒரே கூரை, ஒரே பானைச் சோறு, ஒருவர் மேல் ஒருவருக்கு அத்தனை கரிசனம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

டிசம்பர் நடுவில் காய்களுக்கு மூக்கு முளைத்தது. நிஜமாகவே மூக்கு. எலுமிச்சை அளவு பச்சைக் காய், அடியில் கூராக நீண்டிருந்தது. சிலது வாய் பிளந்து கிடந்தது. அப்படிப்பட்ட காயைத் தரம்பிரிக்கிற இடத்தில் யாரும் தொடக்கூட மாட்டார்கள்.  உச்சி வெயிலில் மருந்தைக் காரமாகக் கலந்துவிட்டோம், தன்னால்தான் என்று நோபுயோ முடிவுகட்டினாள். தொகுஜி பார்ப்பதற்குள் மோசமானதைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு போய்க் குடிலுக்குப் பின்னால் குழியில் புதைத்தாள். கிள்ளிவிட்டால் மீதிக் காயாவது நன்றாகத் தேறும் என்று ஒரு நப்பாசை. யுகாரிக்கோ ஒரே கொண்டாட்டம். மூக்குக் காய்களுக்குக் குச்சியால் கண் குத்தி, வரப்பில் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெரியவர்கள் பெயரை வைத்தது. தனோவே சார் கூட அதில் இருந்தார்.

நாலாம் நாள் நோபுயோ மடி நிறையக் காயோடு குழிக்குப் போனபோது, தொகுஜி அங்கே குந்தியிருந்தான். கையில் கூடை. கூடையில் மூக்குக் காய்கள்.

"இங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

"நீ என்ன பண்ற?"

அவள் மடியை அவிழ்த்துக் காட்டினாள். "என்னாலதான். வெயில்ல காரமா கலந்துட்டேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

"நீ இல்ல, நான்தான்" என்றான் தொகுஜி. "பூவுல செவப்பே இல்ல. பொடிக்காக நீ காத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன். விடியக்காலையில நானே அடிச்சுட்டேன்."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "பொடி இல்லாமலே நான் அடிச்சிருந்தேங்க" என்றாள்.

அவன் ஒரு காயை எடுத்துக் கத்தியால் குறுக்கே பிளந்தான். உள்ளே விதையும் இல்லை, கூழும் இல்லை. சுவர் சுவராக நின்றது, நடுவில் வெறும் பொந்து. அந்தப் பாதியை அவளிடம் நீட்டினான், அவள் வாங்கிப் பார்த்தாள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும் என்பாள் நோபுயோ. அவன் மூக்கால் சிரித்தான், அவளும் சிரித்தாள், பிறகு குழியின் விளிம்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தொகுஜி கூடைக் காயையும் மடிக் காயையும் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினான்.

பாதிக் குடில் போனால் ஜனவரி பிப்ரவரியைத் தாண்டமுடியாது.  ஜனவரி ஐந்தாம் தேதி ஆள்சேர்க்கிறவன் வந்தான். நோபுயோ அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், தொகுஜி பெயரைக் கொடுத்தான். ஏழாம் தேதி, புத்தாண்டு வழக்கப்படி, ஏழு கீரைக் கஞ்சி குடித்தார்கள். அந்த வருடத்தோடு சரி, அதற்குப் பிறகு அவன் ஒரு குளிர்காலமும் ஊரைவிட்டுப் போகவில்லை. மூன்றாம் கொத்தை நோபுயோ தனியாகவே தெளித்து, தனியாகவே பறித்தாள். அடுத்த வருடம் குடில் இரண்டானது, பிறகு நாலானது. செய்கிற வேலை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும் பழக்கம் இருவருக்கும் வந்தது. அந்த வீட்டில் ஒரே இரைச்சல் என்று ஊரே கேலிசெய்யும். நாற்பத்தொன்பது குளிர்காலம் அவர்கள் சேர்ந்திருந்தார்கள். இதையெல்லாம் நோபுயோவே சொல்வாள், நிறைவாகத்தான் சொல்வாள்.

ஆனால் அந்த எட்டாம் தேதியைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறிவிடும். முந்தின வருடங்களில் யுகாரிக்கு ரயில்நிலையம் போவதென்றால் குஷி. ரயில் வரும், பெரிய சத்தம் போடும், யாரோ ஒரு மாமா ஏறிக்கொண்டு கையாட்டுவார், இதுவும் ஆட்டும், வழியில் மிட்டாய் வாங்கித் தின்றுகொண்டு வீட்டுக்கு வரும். அந்த வருடமும் மிட்டாய் கேட்டுக்கொண்டேதான் வந்தது. தொகுஜி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் காலை வைத்தான். குழந்தை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அவன் கோட்டு நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"அப்பா, எறங்கு" என்றது. முதலில் அதட்டலாக. பிறகு அழுகையாக. பிறகு நடைமேடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அலறலாக. தொகுஜி படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நின்றுவிட்டான். பின்னால் ஏறவேண்டியவர்கள் மூட்டைகளோடு நின்றார்கள். விசில் ஊதியது. இறங்கிவிடுவான் என்று நோபுயோவுக்குத் தெரிந்தது. இறங்கிவிட்டால் பிப்ரவரியில் சோறு இல்லை என்பதும் தெரிந்தது. ஏப்ரலிலிருந்து அவள் சாமியிடம் கேட்டதெல்லாம் இந்தக் குழந்தை இந்த மனுஷனை அப்பா என்று கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான். அது கட்டிக்கொண்டு நின்றது. மண்டியிட்டு, அந்தக் கைகளை அவள்தான் பிரித்தாள். ஒரு விரலை எடுத்தால் அடுத்தது இறுகியது.

தொகுஜி இப்போது இல்லை. யுகாரிக்கு அந்த நாள் சுத்தமாக நினைவில்லை, நான் அப்படியா அழுதேன் என்று சிரிப்பாள். கடைசியாக விட்டது இடது கைச் சுண்டுவிரல் என்று நோபுயோ சொல்கிறாள்.